பிழைப் பட்டியலில் வகைகள் குழம்பாதிருக்க

மென்பொருள் குழுக்கள் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஜிரா, கிட்ஹப் போன்ற கருவிகளில் ஒரே வகை பல பெயர்களில் பெருகிவிடுவது வழக்கம். ஜிராவில் பதிவைத் திருத்த அனுமதி உள்ள எவரும் புதிய லேபிளைத் தட்டிவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலே அது வேறு லேபிள். ‘லாகின்’, ‘உள்நுழைவு’, ‘சைன்-இன்’ என ஒரே கோளாறு மூன்று பெயரில் சிதறிக் கிடந்தால், கணக்கெடுப்பவர் கண்ணுக்கு அது மூன்று சில்லறைத் தொல்லையாகவே படும். முக்கியப் பகுதிகளைப் பிரிக்க லேபிளைவிட ‘காம்போனென்ட்’ ஏற்றது. காம்போனென்ட் பட்டியல் திட்ட நிர்வாகியின் கையில் இருக்கும்.

கிட்ஹப் தொடக்கத்திலேயே 9 லேபிள்களைத் தருகிறது. சிறு குழுவுக்குப் பெரும்பாலும் அவையே போதும். பெயர் பொருந்தவில்லை என்றால் லேபிளை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுவது நல்லது: மாற்றினால் பழைய பதிவுகளிலும் புதுப்பெயர் வந்துவிடும், அழித்தால் அவற்றிலிருந்து லேபிளே காணாமல் போகும்.

‘அவசரம்’ என்பது வகை அல்ல, முன்னுரிமை. அதற்குத் தனிப் புலம் வேண்டும். ‘மற்றவை’ என்றொரு பிரிவு இருக்கலாம். அதை மாதம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, ஒரே மாதிரியான பதிவுகள் சேர்ந்திருந்தால் அவற்றுக்குத் தனி வகை ஒதுக்கலாம்.