சாயத் தொட்டியின் தூய்மை

காஞ்சிப் பட்டின் புகழுக்கு நெசவாளர் கைத்திறனே காரணம் என்போம். ஆனால் முசரவாக்கத்துத் தறியில் ஏறும் நூலும் முதலில் சாயத் தொட்டியில்தான் தேர்வு எழுதுகிறது.

கச்சாப் பட்டில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அது நீங்கும். நீர் கடினமானால் சோப்பு, சுண்ணாம்புச் சத்துடன் கூடிப் பிசுக்காகும். அது ஒட்டிய இடத்தில் சாயம் சரியாக ஏறாது. சாயத்துடன் சேர்க்கும் அசிட்டிக் அமிலத்தில் செப்புத் தொட்டி சிறிது கரைந்து, சில நிறங்களை மங்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் இக்குறை இல்லை. எனினும் முந்தைய நிறத்தின் எச்சம் அதிலும் தங்கும். ஆகவே ஒவ்வொரு நிறத்திற்குப் பின்னும் தொட்டியையும் நூல் தொங்கும் கழிகளையும் கழுவுதல் வேண்டும்.

சிறு சோம்பலால் விழும் திட்டு, பெரும்பாலும் நெய்த பின்னரே கண்ணில் படும். அப்போது குறைவது பல நாள் உழைத்தவரின் கூலி. தொட்டி தேய்ப்பவரும் நெசவின் பங்காளியே!