விடை தெரியாத சோதனை

நீரின் மின்னாற்பகுப்பைச் செய்துகாட்டும்போது யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "தண்ணீரிலேயே ஹைட்ரஜன் இருக்கிறதே, பிறகு ஏன் பெட்ரோல், டீச்சர்?" நல்ல கேள்வி. ஹைட்ரஜனைப் பிரிக்க ஆற்றல் செலவாகிறது. செலவைக் குறைக்கும் வினையூக்கிகளில் சிறந்தவை பிளாட்டினம், இரிடியம் போன்ற அரிய உலோகங்கள். கார ஊடகத்தில் நிக்கலும் இரும்பும் போதும். ஆனால் மின்சாரம் வேண்டும். சூரிய ஒளியை நேரே வாங்கி நீரைப் பிளக்கும், மலிவான, நீண்டகாலம் உழைக்கும் ஆக்சைடு எது? இரும்புத் துரு ஒளியை நன்றாகவே உட்கவர்கிறது. ஆனால் அதில் உருவாகும் மின்சுமைகளில் பெரும்பகுதி மேற்பரப்பை அடையுமுன்பே ஒன்றோடொன்று சேர்ந்து வீணாகின்றன.

துருவுடன் வேறு உலோகங்களைக் கலந்தால்? 30 உலோகங்களில் மும்மூன்றாக எடுத்தாலே 4060 சேர்மானங்கள். விகிதத்தையும் மாற்றினால் கணக்கு எங்கோ போய்விடும். அமெரிக்க வேதியியலாளர்கள் ஹாரி கிரே, புரூஸ் பார்க்கின்சன் ஆகியோர் இந்தத் தேடலைப் பள்ளி மாணவர்களிடமே கொடுத்தார்கள். மின்கடத்தும் கண்ணாடியில் உலோக உப்புக் கரைசல்களைப் புள்ளிகளாக இட்டு, சூளையில் சுட்டு ஆக்சைடாக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் ஒளி பாய்ச்சி மின்னோட்டத்தை அளப்பதே வேலை. பார்க்கின்சனின் கருவிப்பெட்டியில் லேசர் சுட்டியும் லெகோ பொம்மைப் பாகங்களும்தான்! பெரிய ஆய்வகத்தின் வாசலை மிதித்திராத மாணவரும் உண்மையான ஆராய்ச்சியில் கைவைக்கலாம். பெரும்பாலான புள்ளிகள் பயன்தருவதில்லை. அதுவும் பதிவாகிறது, அந்தச் சேர்மானத்தை வேறொருவர் மீண்டும் தேட வேண்டியதில்லை.

நம் வகுப்பில் இதன் சாயலைச் செய்யலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவில் சோதனைக்குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விடுங்கள். மாங்கனீசு டை ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு, துரு, கரித்தூள் ஆகியவற்றை ஒரே அளவில் தனித்தனியே சேர்த்து, நுரையின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். குழாயை மூடக்கூடாது, கண்ணாடி அணிவது கட்டாயம். பெராக்சைடு தானாகவே சிதையக்கூடியது, வினையூக்கி வேகத்தைத்தான் கூட்டுகிறது. நீருக்கோ வெளியிலிருந்து ஆற்றல் தந்தே ஆகவேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள். அடுத்து, இரண்டு தூள்களை அவர்களே தேர்ந்து கலக்கட்டும். விடை நமக்கும் தெரியாது என்பதை ஒளிக்க வேண்டாம்.

குழுச் செயல்பாட்டில் நான் கவனித்த ஒன்று: நன்றாகப் படிப்பவர் குழாயைப் பிடிப்பார், கையெழுத்து அழகாக இருக்கும் பெண்பிள்ளை குறிப்பெழுதுவாள், கடைசி வரிசைக்காரர் வேடிக்கை பார்ப்பார். எனவே இரண்டாம் சுற்றில் பொறுப்புகளை மாற்றிக் கொடுங்கள். கலவையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, முதல் சுற்றில் வேடிக்கை பார்த்தவருக்கு.