காளானும் புற்றுநோய்ச் சிகிச்சையும்

காளானின் ருசியையும் ஆகாரச் சத்தையும் எடுத்துரைத்து விற்பது போதாதென்று, அது புற்றுநோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்போரும் உளர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைப் பயிரிடுவோரும் வாங்குவோரும் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இக்கூற்றுக்கு ஆதாரமான ஆராய்ச்சி பெரும்பாலும் ஜப்பான் தேசத்தில் நடந்தது. அங்கே மரத்துண்டுகளில் துளையிட்டு, வித்திட்டு வளர்க்கப்படும் ஒருவகைக் காளானுக்கு ஷிட்டாகே என்று பெயர். 1969 இல் டோக்கியோ நகரத்துத் தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கோரோ சிஹாரா என்பவரும் அவருடைய சகாக்களும் இக்காளானிலிருந்து ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்து, சார்கோமா 180 என்னும் கட்டி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தினர். கட்டிகளின் வளர்ச்சி வெகுவாகக் குன்றியது. அவ்வஸ்துவே லென்டினன் எனப்படுவது.

இது பீட்டா குளுக்கன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அரிசியிலுள்ள மாவுச்சத்தைப் போலவே இதுவும் குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிதான். ஆயினும் கண்ணிகள் வேறு விதமாகக் கோக்கப்பட்டிருப்பதால் மனிதருடைய ஜீரண நீர்கள் இதனை உடைக்க மாட்டா. காளானின் உயிரணுச் சுவர்களில் இது மிகுதியாக உண்டு. லென்டினன் புற்றணுக்களை நேரே கொல்லுவதன்று. இரத்தத்திலுள்ள சில வெள்ளணுக்கள் இதனை அந்நியப் பொருளென்று உணர்ந்து கிளர்ச்சியுற்று, முன்னினும் முனைப்பாகத் தொழில் செய்கின்றன. தூங்கும் தோட்டக் காவற்காரனை எழுப்பிவிடுவதே இதன் வேலை. திருடனைப் பிடிப்பது காவற்காரன் பொறுப்பு.

1985 இல் ஜப்பான் சர்க்கார் இம்மருந்தை இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தபோது, மற்ற இரசாயன மருந்துகளுடன் கூட்டி, ஊசிமூலமாகவே கொடுக்க வேண்டுமென்று வகுத்தனர். குடல் வழியாக இது இரத்தத்திற் சேருவது சொற்பம். ஆகவே குழம்பில் இட்ட காளான் அந்த ஊசிக்கு ஈடாகாது. பட்ட மரங்களில் விசிறிபோல் படரும் வேறொரு காளானிலிருந்து எடுக்கப்பட்டு, 1977 இல் அனுமதி பெற்ற கிரெஸ்டின் என்னும் மருந்து வாய்வழி உட்கொள்ளத் தக்கது. ஆனால் அதுவும் தனிமருந்தாகவன்றி, மற்றச் சிகிச்சைக்குத் துணையாகவே வழங்கிற்று. பின்னாளில் இவ்விரண்டும் விற்பனையினின்று நீங்கின. தமிழ்நாட்டில் மிகுதியாகப் பயிராகும் சிப்பிக் காளானிலும் பால் காளானிலும் பீட்டா குளுக்கன் உண்டென்பது மெய்யே. அதனால் மட்டும் அவை புற்றுநோய் மருந்தாகிவிட மாட்டா.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டி சிறிதாயிருக்கையில் ரண சிகிச்சையால் முற்றும் நீங்கக்கூடிய நோய் பல. காளான் பொடியை நம்பிச் சில மாதங்கள் கழிந்துவிட்டால், அக்காலம் திரும்பக் கிட்டாது. விற்பவருக்குக் கிடைப்பதோ சில ரூபாய். வாங்குபவர் இழப்பது பிராணனாகவும் இருக்கலாம்.

ஆகாரமாகக் கொண்டால் காளானின் பெருமைக்குக் குறைவில்லை. பச்சைக் காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். எஞ்சியதில் புரதமும் நார்ப்பொருளும் மிகுதி, கொழுப்பு சொற்பம். எர்காஸ்டிரால் என்னும் ஒரு வஸ்துவும் உண்டு. வெயில் பட்டால் அதில் ஒரு பகுதி 'டி' வைட்டமினாக மாறும். மாமிசமும் மீனும் உண்ணாதவர்களுக்கு இவ்வைட்டமின் தரும் ஆகாரங்கள் மிகச் சிலவே. எனவே சமைக்குமுன் காளானை நறுக்கி, குடையின் அடிப்புறத்து மடிப்புகள் மேல்நோக்கும்படி பரப்பி, உச்சி வெயிலில் அரைமணி நேரம் வைத்தெடுத்தல் நலம். செலவில்லாத இக்காரியத்தைச் செய்வோர் மிகச் சிலரே.

காளானைப் பச்சையாக உண்ணலாகாது. வேகாத ஷிட்டாகேயை உண்டவர்களிற் சிலருக்கு, சவுக்கால் அடித்தாற்போல் மேனியில் கோடுகோடாகத் தடிப்பு எழுவதுண்டு. அதற்குக் காரணமாகக் கூறப்படுவதும் மேலே கண்ட லென்டினனே. நன்றாக வேகவைத்தால் அத்தொல்லை இராது.

ஆனால் நச்சுக் காளான்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றுள் மிகக் கொடியவற்றின் விஷம் எவ்வளவு கொதித்தாலும் நீங்குவதில்லை. உண்டு பல மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் காணும். அவை அடங்கி, உண்டவர் தேறியதுபோல் தோன்றும் வேளையிலும் கல்லீரல் அழிந்துகொண்டே வரும். ஆகையால் மழைக்குப்பின் வேலியோரத்தில் தானாக முளைத்ததை விடுத்து, நம்பகமான வித்துச்சாலையில் வாங்கிய வித்தைக்கொண்டு வைக்கோற் படுக்கையில் வளர்ந்த காளானையே உண்ணவும் விற்கவும் வேண்டும்.