மொழியெல்லையில் எழுத்தெண்ணுதல்

மாமல்லபுரத்திற்கு வடக்கே, சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட மண்டபம் என்னும் பல்லவர் குடைவரை ஒன்றுண்டு. அதன் ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும் எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலும் அதே வடமொழிச் செய்யுட்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பொருள் ஒன்று; வடிவம் இரண்டு. அதனைக் கண்டு மீண்ட எமக்குக் கணிப்பொறியில் யாம் உற்ற இடரொன்று நினைவிற்கு வந்தது.

நிரல் எழுதும் மொழிகளும் பல. 1991-இல் வெளிவந்த பைத்தான் எழுதுவதற்கு எளிது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி வகுத்த சி விரைவு மிக்கது. ஆதலின் பைத்தானில் எழுதுவோர், விரைவு வேண்டுமிடத்துச் சி மொழியில் அமைந்த செயற்கூறுகளை அழைத்துக்கொள்வர். இதற்கெனச் சிடைப்ஸ் என்னும் கருவி 2006 முதல் பைத்தானுடனேயே வருகின்றது. அழைத்தல் அரிதன்று. எல்லையைக் கடக்கும் பொருளை இரு மொழியும் ஒரு வகையாகக் கொள்ளுமோ என்பதே வினா. சி மொழிச் செயற்கூறு பின்னவெண்ணைத் தருமாயின் அதனை முன்னரே அறிவித்தல் வேண்டும். அறிவியாவிடின் பைத்தான் முழுவெண்ணென்றே கொண்டு பொருந்தாத எண்ணொன்றைக் காட்டும்.

தமிழெழுத்தில் இவ்விடர் மிகுதி. செங்கல்பட்டு என்பதில் எழுத்து எத்தனை என்று தமிழ் மாணவரை வினவின் 7 என்பர். பைத்தான் 12 என்னும். ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும். சி மொழியோ பைட்டுகளையே எண்ணும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட் ஆதலின், அதற்கு 36. மூவரும் பிழை செய்திலர்!

இப்பகுதி ஊர்ப்பெயர்களைச் சீட்டுகளில் அச்சிட எண்ணி, பெயரை 21 பைட்டில் நிறுத்தும் சி மொழிச் செயற்கூறு ஒன்றை அழைத்தோம். செங்கல்பட்டு 'செங்கல்' என வந்து நின்றது. நண்பர் நகைத்தனர். மாமல்லபுரம் 'மாமல்லப' என உகரம் இழந்து நின்றது. 20 பைட்டில் நிறுத்தியிருப்பின் ஒரு குறியே நடுவிற் பிளந்திருக்கும். பைத்தானும் அதனைப் படிக்கவியலாது உடனே பிழையென அறிவித்திருக்கும். 21 மூன்றால் வகுபடுமாதலின் எச்சரிக்கை யாதும் எழவில்லை. பிழையறிவிப்பைக் கண்டு சலித்துக்கொள்ளும் வழக்கம் எமக்கும் உண்டு. அன்று அது வாராதா என்றிருந்தது.

பின்னர், பெயரைப் பைட்டுகளாக்கி அவற்றின் தொகையையும் உடன்கொடுத்தோம். சி மொழிப் பக்கத்தில் இடத்தை 40 பைட்டாக்கி, போதாவிடின் வெட்டாது திருப்பியனுப்புமாறு மாற்றினோம். எங்கே சுருக்குவதென்பதை முழுவெழுத்து நோக்கிப் பைத்தானிலேயே முடிவு செய்தல் வேண்டும். செங்கல்பட்டும் மாமல்லபுரமும் எழுத்துக் குறையாது வந்தன. சாளுவன்குப்பம் மட்டும் 42 பைட் ஆதலின், இடம் போதாதென்று திரும்பி வந்தது.