கிளினிக்குக்கு யார் கூடப் போறது?

மருதானை ஸ்டேசனில் களனிவெளிப் பாதை ரயில் ஏறினால் நாரஹேன்பிட்டி, நுகேகொடை தாண்டி மஹரகம வரும். ரயிலிலும் பஸ்ஸிலுமாக நாலு வருஷம் அக்காவைக் கூட்டிக்கொண்டு அங்கேயுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருந்தது. அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரும் ரொறன்ரோவில். இப்போது எங்கள் ஒழுங்கையில் இன்னும் இரண்டு அம்மாமாருக்கு இதே வருத்தம். அவர்களுடைய பிள்ளைகளும் வெளியில்தான். அந்தப் பிள்ளைகளுக்குப் போனில் துண்டுதுண்டாகச் சொன்னதை ஒழுங்காக எழுதித் தருகிறேன்.

1. முதலில், கூடப் போகிற ஆளைக் கவனியுங்கள். மஹரகம அபேக்ஷா அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியம் இலவசம். ஆனால் கிளினிக் நாள் என்றால் விடிய முதல் எழும்பவேண்டும். இரத்தம் எடுக்க ஒரு வரிசை, டொக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு இன்னொன்று. வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். கூடப் போகிறவவின் ஒரு நாள் உழைப்பு அதோடு போய்விடும். சித்திதானே, பக்கத்து வீட்டு அக்காதானே என்று இருந்துவிடாதீர்கள். ஓட்டோக் காசு, சாப்பாட்டுக் காசு, அந்த நாளின் சம்பளம், மூன்றையும் அவ வாய் திறந்து கேட்க முதலே அனுப்புங்கள். எடுத்தவுடன் “அம்மாவுக்கு எப்படி?” என்று கேட்காமல் ஒருநாளாவது “நீங்கள் சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். அக்காவின் பிள்ளைகள் என்னிடம் அப்படிக் கேட்டது இரண்டு வருஷம் கழித்துத்தான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

2. எல்லா ரிப்போர்ட்டுக்கும் ஒரே ஃபைல். ஒவ்வொரு தாளையும் படமெடுத்து நீங்களும் வைத்திருங்கள். சதைத் துண்டு எடுத்துச் சோதித்த ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று முடிவு இருக்கும். ஹோர்மோன் குளிசை உதவுமா, ஹெர்-2க்கான ஊசி பொருந்துமா என்பதெல்லாம் அதை வைத்துத்தான். டொக்டரோடு கதைப்பதற்குப் பிள்ளைகளில் ஒருவரை மட்டும் வையுங்கள். மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர் கேட்டால் ஆஸ்பத்திரியில் நிற்கிறவளுக்குத்தான் தலையிடி.

3. பரவிய பிறகு செய்கிற வைத்தியம் பெரும்பாலும் நோயை அடக்கி வைக்கவும் நோவைக் குறைக்கவும்தான். “சுகமாகிவிடும் அம்மா” என்று சத்தியம் பண்ணாதீர்கள். எவ்வளவு அறிய விருப்பம் என்று அம்மாவிடமே கேளுங்கள். அக்கா எல்லாவற்றையும் அறிய விரும்பினா. பிள்ளைகள் மறைக்கச் சொன்னார்கள். நடுவில் நின்று நான் பட்ட பாடு வேறு ஒருவருக்கும் வேண்டாம்.

4. இதைச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்: கீமோ ஏற்றிவருகிற காலத்தில் காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால் பனடோல் போட்டுப் படுக்க வைக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. புதிதாக முதுகு நோவு, கால் சோர்வு, சலம் போக முடியாமை என்றாலும் அதே நாளில். முள்ளந்தண்டு நரம்பு நெரிபடத் தொடங்கினால் பிந்துகிற ஒவ்வொரு நாளும் நடையைப் பறிக்கும்.

5. மோர்பின். இதில்தான் நாங்கள் பெரிய பிழை விட்டோம். டொக்டர் எழுதித் தந்தார். பெறாமகள் போனில், “அது கடைசி நேரத்து மருந்து சித்தி, பழகிப்போகும், குடுக்க வேண்டாம்” என்றாள். மூன்று கிழமை அக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்தபடி கிடந்தா. பிறகு நேரம் தவறாமல் கொடுக்கத் தொடங்கினோம். நாலாம் நாள் எழும்பி இருந்து, தானே வெங்காயம் உரித்தா. நோவுக்கு மோர்பின், அதோடு மலச்சிக்கலுக்கும் ஒரு மருந்து. இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். தூரத்திலிருந்து மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பயமென்றால் டொக்டரிடம் கேளுங்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் பெட்டியில் மருந்து அனுப்பினார்கள். அதையும் டொக்டர் பார்த்த பிறகுதான் கொடுக்கவேண்டும்.

6. வீடியோவில் அம்மா முகத்தை மட்டும் காட்டுவா. அக்கா வீங்கின கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டுதான் கதைப்பா. “சுகமாக இருக்கிறன்” என்ற சொல்லை நம்பாமல் இரவு எத்தனை தரம் எழும்பினவ, பாத்ரூமுக்குத் தானே போனவவா என்று கேளுங்கள். கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். உங்கள் வேலை முடிகிற நேரம் இங்கே நடுச்சாமம் தாண்டிவிடும். அம்மாவின் நேரத்துக்கு நீங்கள் எழும்புங்கள்.

7. அம்மா ஊருக்குப் போகவேண்டும் என்று சொன்னால் தடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2011இல் தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த பணத்தில் எழும்பியது அது. கடைசிக் காலத்தில் வீட்டில் பார்க்க இயலாவிட்டால், மஹரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன என்ற பராமரிப்பு இல்லம் இருக்கிறது.

8. லீவை மரண வீட்டுக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். அம்மா உங்களோடு இருந்து சாப்பிடக்கூடிய நேரத்தில் வாருங்கள். பெறாமகள் மூன்றாம் வருஷம் வந்தாள். வந்த மறுநாள் கிளினிக். “சித்தி, இண்டைக்கு நான் கூட்டிக்கொண்டு போறன்” என்றாள். வாங்கில் இருந்த ஆட்களுக்கெல்லாம், “இவதான் என்ர மூத்தவ” என்று சிங்களத்திலும் தமிழிலும் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாவாம். நான் அன்றைக்கு மருதானையில், பத்து மணி வரைக்கும் நித்திரை.