மறைந்த கோப்புகளும் அழிந்த கோப்புகளும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் தாலாட்டு, விடுகதை, நடவுப் பாட்டு, ஊர்க் கதை என ஏதாவது ஒன்றைக் கேட்டுச் செல்பேசியில் பதிவு செய்து வர வேண்டும். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்று ஆண்டுகளில் 46 ஒலிப்பதிவுகள் சேர்ந்தன. அத்தனையும் ஒரே ஒரு 16 ஜிபி பென் டிரைவில் இருந்தன.

அவற்றைத் தொகுத்து ஆண்டுவிழாவுக்குச் சிறு கையேடாகக் கொண்டுவர நினைத்து, அச்செடுக்க ஒரு கடைக்கு அந்தப் பென் டிரைவைக் கொண்டுபோனேன். அன்று இரவு வீட்டுக் கணினியில் செருகியபோது கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு மஞ்சள் படத்தின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. சொடுக்கினேன், திறந்தது. திறந்ததால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக் கணினியில் செருகினால் எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையும் ஏதோ பிழைச்செய்தி காட்டியது. உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்து, "டீச்சர், இது வைரஸ். ஃபார்மட் பண்ணிடுங்க, சரியாயிடும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். செய்தேன். பென் டிரைவ் புதிது போல ஆனது. அரையாண்டு வினாத்தாள்களையும் விளையாட்டு விழாக் காணொலிகளையும் அதில் ஏற்றினேன்.

ஒலிப்பதிவுகள் அந்தப் பென் டிரைவில்தான் பத்திரமாக இருந்தன என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வைரஸ் அவற்றை மறைத்து மட்டுமே வைத்திருந்தது. அழித்தது நான்.

அம்புக்குறிக்குப் பின்னால்

நம் ஊர்ப் பென் டிரைவ்களில் அடிக்கடி காண்கிற இந்த வகைக்கு 'ஷார்ட்கட் வைரஸ்' என்று பெயர். அது செய்வது எளிய வேலை. விண்டோஸில் எந்தக் கோப்புக்கும் 'மறைந்தது', 'கணினிக்கு உரியது' என்ற அடையாளங்களை இடலாம். இந்த நச்சுநிரல் நம் கோப்புறைகள் மீது அந்த இரண்டு அடையாளங்களையும் இட்டுவிடும். உடனே அவை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அவற்றின் இடத்தில் அதே பெயரில், அதே மஞ்சள் படத்துடன் ஷார்ட்கட்டுகளை வைக்கும். நாம் ஒன்றைச் சொடுக்கினால் அது முதலில் நச்சுநிரலை இயக்கும், அடுத்த நொடியே உண்மையான கோப்புறையையும் திறந்துகாட்டும். கேட்டது கிடைத்துவிடுவதால் நமக்குச் சந்தேகம் வராது. அதற்குள் அது கணினியில் தன்னை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் தானும் எழுந்துகொள்ள ஏற்பாடு செய்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கணினியில் யார் பென் டிரைவ் செருகினாலும் அதற்கும் இதே கதிதான்.

பள்ளிக் கணினியில் திறக்காததற்கும் காரணம் இதுவே. அங்கிருந்த ஆன்டிவைரஸ் நச்சுநிரலை நீக்கிவிட்டது. அதை அழைப்பதற்காகவே வைக்கப்பட்ட ஷார்ட்கட்டுகள் மட்டும் அனாதையாக நின்றன. கணினி சரியாக வேலை செய்ததைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று நான் பயந்தேன்.

அப்போது செய்திருக்க வேண்டியது இதுதான். அம்புக்குறி உள்ள எதையும் சொடுக்கக் கூடாது. பென் டிரைவின் பெயர் மீது வலச்சொடுக்கு செய்து, கணினியிலுள்ள ஆன்டிவைரஸால் முழுவதும் சோதிக்க வேண்டும். பிறகு 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய், 'வியூ' பக்கத்தில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி தேர்ந்தெடுத்து, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதிலுள்ள டிக் குறியையும் எடுக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிட்டு, "காட்டச் சொன்னேன், அப்படியும் வரவில்லை" என்பார்கள். இரண்டும் செய்தால் நம் கோப்புறைகள் சற்று மங்கலாகத் தெரியும். சில வகைகளில் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். உள்ளே போய் நம் கோப்புகளை மட்டும் கணினியில் ஒரு புதிய கோப்புறைக்கு நகலெடுக்க வேண்டும். அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே ஃபார்மட். வேலை முடிந்ததும் எடுத்த டிக் குறியைத் திரும்ப இட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் விண்டோஸின் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவைப்பார்கள்.

லினக்ஸ் உள்ள கணினி இருந்தால் இன்னும் எளிது. விண்டோஸின் அந்த மறைப்பு அடையாளங்களை அது பொருட்படுத்துவதில்லை. கோப்புறைகள் வழக்கம் போலவே தெரியும், ஷார்ட்கட்டுகளும் அங்கே இயங்காது. நம் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட பழைய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பலர் மறந்திருப்போம். நானும் மறந்துதான் இருந்தேன்.

வீட்டுக் கணினி ஏன் தடுக்கவில்லை?

என்னை அதிகம் உறுத்தியது இந்தக் கேள்வி. பள்ளிக் கணினி பிடித்துக்கொண்டதை வீட்டுக் கணினி ஏன் விட்டுவிட்டது? பார்த்தால், அதில் ஆன்டிவைரஸே அணைந்து கிடந்தது. சில மாதங்களுக்கு முன் கணினி பழுதானபோது சரிசெய்தவர், பணம் கட்டாத ஆபீஸ் மென்பொருளை 'ஆக்டிவேட்டர்' ஒன்றைக் கொண்டு நிறுவித் தந்திருந்தார். அப்படிப்பட்டவற்றோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்றுதான் இருக்கும். வீட்டுக்குள் வருகிறவர் "முதலில் நாயைக் கட்டுங்கள்" என்று சொன்னால் நாம் யோசிப்போம் அல்லவா? நான் யோசிக்கவில்லை. "எதுக்கு மேடம் வீணா காசு?" என்று அவர் கேட்டபோது தலையாட்டியவள் நான்.

அதன் பிறகு அந்தக் கணினியில் செருகிய ஒவ்வொரு பென் டிரைவும் நோயோடுதான் வெளியே போனது. என்னால் இரண்டு சக ஆசிரியர்களின் பென் டிரைவ்களும் பாதிக்கப்பட்டன. அவர்களிடம் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அவர்கள் வீட்டுக் கணினிகளும் என்னுடையதைப் போலவே ஆகும். பென் டிரைவை மட்டும் துடைத்துவிட்டுக் கணினியை விட்டுவிடுவதும் பயனற்றது. முதலில் கணினி, பிறகு பென் டிரைவ்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபெண்டர்' என்ற ஆன்டிவைரஸ் உடன்வருகிறது. வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் அனுபவம். அது இயங்குகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை. பணம் கட்டி வேறொன்று வாங்கினால் அதை மட்டும் வையுங்கள், இரண்டு வேண்டாம். ஆபீஸுக்குப் பதிலாக லிப்ரே ஆபீஸ் இலவசமாகவே கிடைக்கிறது. வினாத்தாள் தயாரிக்க அது தாராளமாகப் போதும்.

புதுப்பிப்பையும் இங்கே சொல்ல வேண்டும். 'அப்டேட்' வந்தால் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுவது நம் எல்லோருக்கும் பழக்கம். 2017 மே 12 அன்று 'வான்னகிரை' என்ற பணயநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பழைய கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்காது என்றால் அதில் லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

கடைக்கு எடுத்துப்போகும் பென் டிரைவ்

இது புதிய சிக்கல் அல்ல. 1986-இல் பரவிய 'பிரெயின்' என்ற வைரஸும் கைமாறிய ஃப்ளாப்பி வட்டுகள் வழியாகத்தான் ஊர் ஊராகப் போனது. அதை எழுதிய லாகூர் சகோதரர்கள் இருவரும் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள்! இன்றைக்கு எழுதுகிறவர்கள் அப்படி இல்லை.

இப்போது அச்செடுக்கவென்றே தனியாக ஒரு சிறிய பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அச்சாக வேண்டிய பிடிஎஃப் கோப்பு மட்டும் அதில் இருக்கும். வேலை முடிந்து வந்ததும் எதையும் திறக்காமல் ஃபார்மட் செய்துவிடுவேன். இழக்க அதில் ஒன்றும் இல்லாததால் இங்கே ஃபார்மட் செய்வதில் தவறில்லை. கோப்புப் பெயரின் கடைசிப் பகுதி எப்போதும் தெரியும்படியும் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் மாற்றிவைத்துள்ளேன். 'வினாத்தாள்' என்று பெயர் இருந்து, முடிவில் 'டாட் இஎக்ஸ்இ' என்றிருந்தால் அது வினாத்தாள் அல்ல, இயங்கக் காத்திருக்கும் நிரல்.

வகுப்பறையில்

இதை எட்டாம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். ஐந்து பிள்ளைகளின் நோட்டுகளைப் பீரோவில் வைத்துவிட்டு, மேசை மேல் அவர்கள் பெயர் எழுதிய சீட்டுகளை வைத்தேன். சீட்டுகளின் அடியில் நீல நிறச் சுண்ணக்கட்டித் தூள். பெயர்ச்சீட்டை எடுத்து நீட்டினால் பீரோவருகே நிற்கும் மாணவன் நோட்டை எடுத்துக் கொடுப்பான். ஐவரும் வாங்கிப்போனார்கள், யாருக்கும் சந்தேகமில்லை. "எல்லாரும் கையைப் பாருங்க" என்றதும் ஒரே சிரிப்பு. கையில் நீலம், நோட்டில் நீலம், பக்கத்தில் இருந்தவன் சட்டையிலும் நீலம்.

பிறகு நோட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்து, பீரோவருகே நின்றவனை உட்காரச் சொன்னேன். இப்போது சீட்டை நீட்டினால் வாங்க ஆளில்லை. "நோட்டெல்லாம் எங்கே?" என்று கேட்டேன். "பீரோவுல!" என்று கத்தினார்கள். "சீட்டுக்கு நோட்டு வரலைன்னு பீரோவோட பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டா?"

வகுப்பு அமைதியானது. ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், எங்க அக்கா உங்ககிட்ட குடுத்துச்சே, எங்க ஆயா பாடினது. அது?"

நடந்ததைச் சொன்னேன். ஃபார்மட் செய்த உடனே நிறுத்தியிருந்தால் பெரும்பாலானவற்றை மீட்டிருக்கலாம். விரைவு முறையில் ஃபார்மட் செய்யும்போது அட்டவணைதான் அழிகிறது, மேலே வேறொன்றை எழுதும் வரை உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நான் அதன் மேல் காணொலிகளை ஏற்றியிருந்தேன். 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடியதில் 19 பதிவுகள் கிடைத்தன. அது கோப்பின் பெயர்களை மீட்டுத் தராது, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு, யாருடைய பாட்டி, எந்தத் தெரு என்று கண்டுபிடித்தேன். அந்த ஆயாவின் குரல் அவற்றில் இல்லை. அவர் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது.

மறுநாள் அந்த மாணவி அக்காவின் எட்டாம் வகுப்புத் தமிழ் நோட்டைக் கொண்டுவந்தாள். கேட்டு எழுதிய தாலாட்டு இரண்டு பக்கம் இருந்தது. ராகம் இல்லை, சொற்கள் இருந்தன. படமெடுத்துக்கொண்டு நோட்டை அவளிடமே கொடுத்தேன்.

இப்போது பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன: வீட்டுக் கணினியில், பள்ளி மின்னஞ்சலோடு வரும் இணையச் சேமிப்பில், தலைமையாசிரியர் அறைப் பீரோவில் உள்ள இன்னொரு பென் டிரைவில். பீரோவில் இருப்பதை நகலெடுக்கும் நேரம் தவிர எந்தக் கணினியிலும் செருகிவைப்பதில்லை. செருகியே இருந்தால் பணயநிரல் வரும் நாளில் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் நகலெடுக்கிறோம். அந்தப் பொறுப்பை இந்த ஆண்டு அந்த மாணவிதான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.