காதுக்குக் கீழே வடியாத வீக்கம்

காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் வீக்கம் கண்டால் நம் வீடுகளில் முதலில் சொல்வது 'பொன்னுக்கு வீங்கி'. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள், பற்றுப் போடுவார்கள், ஓதி ஊதுவார்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் பெரும்பாலும் வலியும் காய்ச்சலும் இருக்கும்; ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். பெயர் சங்கிலிக்குப் போய்விடும்! நாம் இங்கே பேசுவது வலியே இல்லாமல், மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பெரிதாகும் வீக்கத்தைப் பற்றி.

அங்கே இருப்பது பரோடிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பி. இதன் உள்ளேயே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. உடலில் ஹெச்.ஐ.வி. கிருமி இருந்தால் இந்தக் கணுக்கள் பெருத்து, சுரப்பியின் சிறு குழாய்களை அடைத்து, நீர்க்கட்டிகள் உண்டாகலாம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் முகம் அகன்று தெரிவதால் வெளியே போகக் கூசுவார்கள். தனக்குக் கிருமி இருப்பதே சிலருக்கு இந்த வீக்கத்தால்தான் முதலில் தெரிய வருகிறது.

அதற்காக, வீங்கிய முகத்தைப் பார்த்ததும் யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காசநோய், சுரப்பியில் கல், வேறு கட்டிகள் என்று காரணங்கள் பல. பார்த்துச் சொல்ல முடியாது; இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். தேவைப்பட்டால் ஊசியால் சிறிது நீர் எடுத்துச் சோதிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, வேகமாக வளர்ந்தாலோ, வலித்தாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

குடும்பங்கள் அதிகம் தவறு செய்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 'கட்டி என்றால் வெட்டி எடுத்துவிட வேண்டும்' என்று நகையை அடகு வைக்கிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பியின் ஊடேதான் ஓடுகிறது. கத்தி அதில் பட்டால் கண் மூடாது, சிரிப்பு கோணும். ஊசியால் நீரை மட்டும் உறிஞ்சி எடுத்தால் பெரும்பாலும் மறுபடி தேங்கும். ஹெச்.ஐ.வி.யால் வந்த நீர்க்கட்டி என்று உறுதியானால் முதல் மருந்து ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரைதான். கிருமி அடங்க அடங்க, பலருக்குக் கட்டியும் சுருங்குகிறது. சுருங்காதவர்களுக்குக் கட்டிக்குள் மருந்து செலுத்தும் முறை உண்டு. கத்தி கடைசியில்தான்.

அந்த மாத்திரைக்குக் காசு இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டதும் நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அன்று மருந்து இல்லை. இன்று தினமும் தவறாமல் மாத்திரை எடுப்பவர் வேலைக்குப் போகிறார், பிள்ளைகளை வளர்க்கிறார்.

நம் பகுதிக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருப்பவர்கள் 'தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால்?' என்று தயங்குகிறார்கள். இந்த மையம்தான் என்று கட்டாயமில்லை. வேறு பகுதி மையத்துக்கும் போகலாம். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம். துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக அநியாயமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது.

கணவருக்கு இருப்பது தெரிந்தால் மனைவியும் பரிசோதிக்க வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்று தவிப்பவர்களுக்கு நம்பிக்கை மைய ஆலோசகர் கூட உட்கார்ந்து பேசுவார்.

நம் டிரஸ்டில் பஸ் செலவுக்கோ ஸ்கேனுக்கோ உதவி கேட்பவர்கள் விண்ணப்பத்தில் நோயின் பெயரை எழுத வேண்டாம். 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும். நாங்களும் கேட்க மாட்டோம்.